எறும்பு ஏறிய குப்பி

சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு வாயெல்லாம் இனிப்பாக இருக்கும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியாது. அவனைக் கொண்டுவந்து இந்த மிட்டாய் வீட்டில் ஒரே ஒரு காலைப்பொழுது நிற்க வைக்க வேண்டும். கொப்பரையில் பாகு கொதிக்கிற ஆவியில் இமை முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கதவுத் தாழ்ப்பாள் பிசுபிசுக்கும். செருப்பு தரையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். எறும்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டில் மனுஷர்கள் நாலு பேர், மிச்சமெல்லாம் எறும்பு. மழை பிடித்துவிட்டால் வெளியில் இருக்கிற எறும்பும் மூட்டை முடிச்சோடு உள்ளே குடிவந்துவிடும். படுக்கிற பாயிலிருந்து குடிக்கிற தம்ளர் வரைக்கும் எதை எடுத்தாலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் வேலை ஓடாது.

கொப்பரைக்கு முன்னால் துடுப்போடு நிற்பவனைத் தெருவில் பாகுக்காரன் என்பார்கள். பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவான். அது கண்ணாடி மாதிரிச் சடக்கென்று ஒடிந்தால்தான் இறக்குவான். எண்ணெய் தடவிய கல்மேடையில் கொட்டி, சாயமும் எசன்ஸும் விட்டு, ஓரத்தை மடக்கி மடக்கிக் கட்டியாக்கி, "பிடி" என்பான். பிடிப்பது அவன் பெண்டாட்டி சின்னவள். உள்ளங்கை பொரிகிற சூட்டில் அந்தக் கட்டியைத் தூக்கி, சுவரில் அடித்திருக்கும் இரும்புக் கொக்கியில் மாட்டி இழுப்பாள். இழுத்து, மடித்து, மறுபடி மாட்டி, மறுபடி இழுத்து, பழுப்பாக இருந்தது வெளுத்துப் பளபளக்கும் வரைக்கும் நிறுத்தக்கூடாது. நடுவில் மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. கையை எடுத்தால் பாகு கல்லாகிவிடும், அந்த ஈடு முழுக்கப் பாழ். அப்புறம் கயிறாகத் திரித்துக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டித் தள்ளுவார்கள்.

காகிதம் சுற்றி இரண்டு பக்கமும் முறுக்குவது பெரியவள். பாகுக்காரனின் செத்துப்போன அண்ணனுடைய பெண்டாட்டி. பிள்ளை இல்லை. கால் விரலால் தூளியை ஆட்டிக்கொண்டே, வாய் ஒரு பக்கம் கதை பேச, கை தன்பாட்டுக்கு முறுக்கித் தள்ளும். தூளியில் கிடப்பது பொடிசு, சின்னவளின் மகன். பெற்றது மட்டும்தான் சின்னவள், மற்றதெல்லாம் பெரியவள் என்று பக்கத்து வீட்டில் கேலி பேசுவார்கள். இரண்டு பேருமே அதற்குச் சிரிப்பார்கள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. அது பெரியவளுக்குத் தெரியாது.

பிரசவ வலியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில்தான் சின்னவளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். மாசமாக இருந்தபோதே பார்த்திருக்க வேண்டியது. போனாள். "இன்னிக்கு அந்தப் பரிசோதனைக்குச் சாமான் வரலை, அடுத்த தடவை வா" என்று அனுப்பினார்கள். அடுத்த தடவையும் வரவில்லை. வயிற்றுச் சுமையோடு கொக்கியில் பாகு இழுக்கிறவள் எத்தனை தடவைதான் நடப்பாள்? கடைசியில் பிள்ளை தலை இறங்கி வருகிற நேரத்தில் எச்.ஐ.வி. என்று சொன்னார்கள். சொல்ல நேரம் பார்த்தார்கள் பாருங்கள்! அப்புறம் புருஷனைப் பரிசோதித்தார்கள். அவனுக்கும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வெளியூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன். கேட்டதற்குத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவள் அவனை மன்னிக்கவும் இல்லை, உட்கார்ந்து ஒரு பாட்டம் சண்டை போடவும் இல்லை. அதற்கெல்லாம் எங்கே நேரம்? பிள்ளையின் ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள். அதிலும் வந்துவிட்டது.

பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டரம்மா கறாரான ஆள். "அழறதை அப்புறம் வெச்சுக்கலாம், முதல்ல இதைக் கேளு" என்றுதான் ஆரம்பித்தாள்.

"பச்சைப் புள்ளைங்களுக்கு இது பெரியவங்களுக்கு மாதிரி மெதுவா வராது. மருந்து குடுக்காம விட்டா பாதிப் புள்ளைங்க ரெண்டு வயசைத் தாண்டறதில்லை. உடம்புக்கு வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தாக் கை மீறிடும். நல்லா இருக்கும்போதே, இன்னிக்கே ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சு ஒழுங்காக் குடுத்தா உன் புள்ள பள்ளிக்கூடம் போவான், உன்கிட்ட அடி வாங்குவான், கல்யாணம் பண்ணிக்கிட்டு உன்னை மதிக்காமப் போவான். எல்லாம் நடக்கும். ஆனா வேளை தப்பக்கூடாது, அளவு குறையக்கூடாது. அரைகுறையாப் போச்சுன்னா அந்தக் கிருமி மருந்துக்கே பழகிக்கும். அப்புறம் இந்த மருந்து பலிக்காது."

"நான் குடுக்கிறேன்மா."

"வீட்டுல வேற யாராவது குடுப்பாங்களா? இருந்தாக் கூட்டிட்டு வா. அவங்களுக்கும் சொல்லித் தரணும்."

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பாகுக்காரன் முந்திக்கொண்டான். "யாரும் இல்லைங்க. இவளேதான்."

இரண்டு குப்பி கொடுத்தார்கள். ஒன்று சுமார். இன்னொன்று படுபாவிக் கசப்பு. அளந்து கொடுக்க ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் பாகுக்காரன் குப்பிகளின் மேல் ஒட்டியிருந்த தாளை எச்சில் தொட்டுச் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டான்.

"அண்ணிகிட்ட வயித்து மருந்துன்னு சொல்லிடு," என்றான்.

"அக்காகிட்டயுமா மறைக்கணும்? காலையில நான் கொக்கியில நிக்கறப்ப அவங்கதானே குடுக்கப் போறாங்க?"

"குடுக்கட்டும். வயித்து மருந்துன்னு குடுக்கட்டும். நாம பண்றது மிட்டாய். ஊர்ப் புள்ளைங்க வாயில வெக்கிற பண்டம். ஒருத்தர் காதுல விழுந்தாப் போதும், மறுநாளே அடுப்பு அணைஞ்சிடும். மிட்டாய்ல எல்லாம் அது ஒட்டாதுன்னு டாக்டரம்மா வந்து வீடு வீடாச் சொல்லுவாங்களா?"

"அக்கா யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டாங்க. சரி. புள்ளையைத் தூக்குவாங்களா? அதை யோசிச்சியா?"

சின்னவள் அதை யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள். தூளியை ஆட்டுகிற அந்தக் கால் நின்றுவிட்டால் பிள்ளை என்ன ஆவான், வேலை என்ன ஆகும், தான் என்ன ஆவோம்? வாயை மூடிக்கொண்டாள். பயந்தவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பயமுறுத்தினவனும் பயந்தவன்தான். ஆனால் இரண்டு பேரின் பயத்துக்கும் சேர்த்துத் தண்டம் கட்டினது தூளியில் கிடந்தது.

ஆரம்பத்தில் வீடே ரணகளமாக இருந்தது. சிரிஞ்ச் நுனி உதட்டில் பட்டதுமே பொடிசு உடம்பை வில்லாக வளைப்பான். துப்புவான், ஓங்கரிப்பான், மூச்சு நிற்கிற மாதிரி வீறிடுவான். பெரியவளும் கூடச் சேர்ந்து அழுவாள்.

"எந்தப் பாவி கண்டுபிடிச்ச மருந்துடி இது? அவன் வாயில அவனே ஊத்திப் பார்த்தானா? வயித்துக்குன்னா வேற மருந்தே இல்லையா உங்க டாக்டருக்கு?"

"இதைத்தான்க்கா குடுக்கணுமாம். விடாமக் குடுக்கணுமாம்."

"பாதியைத் துப்பறான். அப்புறம் என்னத்தைக் குடுத்து என்ன?"

அவன் துப்பின மருந்து துணியில் கறையாகக் காய்ந்து கிடக்கும். அந்த வீட்டிலேயே எறும்பு எட்டிப் பார்க்காத துணி அது ஒன்றுதான். பெரியவள் அதைத் தூக்கிக் காட்டுவாள். "பாரு, எறும்பே வேணாங்குது. எம்புள்ள எப்படிடி குடிப்பான்?"

அப்புறம் ஒரு நாள், என்ன மாயமோ, பொடிசு சமத்தாகிவிட்டான். சிரிஞ்சைக் கண்டாலே வாயைத் திறந்தான். குடித்துவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டினான். சாயங்கால வேளை சின்னவளுடையது. அவளால் நம்பவே முடியவில்லை.

"பழகிட்டான்க்கா!"

"எம்புள்ளைன்னா சும்மாவா?" என்றாள் பெரியவள். அந்தப் பெருமையில் வேறு ஏதோ இருந்தது. கவனிக்கத் தெரிந்திருந்தால் கவனித்திருக்கலாம். காலையிலிருந்து எசன்ஸ் வாசனையிலேயே கிடக்கிற மிட்டாய் வீட்டு மூக்குக்கு எதுதான் தெரியும்?

மாசங்கள் ஓடின. மழை பிடித்தது. மழைக்காலம் மிட்டாய்க்காரர்களுக்கு எமன். ஈரக்காற்றில் மிட்டாய் வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டும், சுடச்சுடக் காகிதம் சுற்றாவிட்டால் அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்ட நாளில்தான் சின்னவள் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போன தடவை எடுத்த ரத்தத்தின் முடிவு வந்திருக்கும். மீதமிருக்கிற மருந்தோடு குப்பியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டரம்மா பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே வெள்ளை படிந்திருந்தது. எடை ஏறவில்லை. கசப்பு மருந்துக் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது ஏன் இன்னும் இவ்வளவு இருக்கு?"

"தெரியலைம்மா. நிறைய ஊத்திக் குடுத்திருப்பாங்க போல."

"நாங்க ஏன் நிறைய ஊத்தறோம்? அளந்துதான் குடுக்கறோம். ஒழுங்காக் குடுத்திருந்தா இது காலியாகியிருக்கணும். ரத்தத்துல கிருமி கொஞ்சமும் இறங்கலை. இதுக்கு என்ன சொல்றே?"

"ரெண்டு வேளையும் தப்பாமக் குடுக்கறேன்மா. சத்தியமா."

"சத்தியம் பண்ணாதே. எனக்குக் கெட்ட கோபம் வரும். மருந்து உள்ள போனா இறங்கும். இறங்கலைன்னா போகலை. இதுல என்ன பொய் வேண்டியிருக்கு?"

"எம்புள்ளைக்கு நான் குடுக்காம இருப்பேனாம்மா?"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. புள்ள போனப்புறம் இதே வாசல்ல விழுந்து புரண்டு அழறதும் அவங்கதான். புதுக் குப்பி ஒண்ணு தர்றேன். இதையாவது குடு."

வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள், நான் இவளைப் போல இல்லை என்று சொல்கிற மாதிரி. சின்னவளுக்குக் காது இரண்டும் கொதித்தது. வீடு வருகிற வரைக்கும் மழையில் நனைந்துகொண்டே வாய்க்குள் அந்த டாக்டரம்மாவைத் திட்டித் தீர்த்தாள். நான் பொய்க்காரியா? நானா? எடையைப் பார்க்கத் தெரிகிறது, பெற்றவள் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லையா? திட்டத் திட்ட அடிவயிற்றில் வேறொரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்படியானால் மருந்து எங்கேடி போகிறது?

உள்ளே நுழைந்ததும் பாகுக்காரன், "என்ன இவ்வளவு நேரம்? பாகு இறக்கிட்டேன், பிடி" என்றான். ஈரப் புடவையோடு கொக்கியில் நின்றாள். அன்றைக்கு அவள் இழுத்த இழுப்பில் கொக்கி சுவரோடு பெயர்ந்து வராதது ஆச்சரியம்.

கை கழுவிவிட்டுச் சாயங்கால மருந்துக்குப் போனாள். மாடத்தில் கசப்பு மருந்தின் பழைய குப்பியும் புதுக் குப்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழையதின் மூடியிலிருந்து சுவர் வெடிப்பு வரைக்கும் ஒரே கோடாக எறும்பு. வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டினாள். மூடியைத் திருகப் போன கை அப்படியே நின்றது.

இதில் எறும்பு ஏன் ஏறுகிறது?

"எறும்பே வேணாங்குது" என்று பெரியவள் தூக்கிக் காட்டின துணி ஞாபகத்துக்கு வந்தது. புதுக் குப்பியைத் திறந்து விரலில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். தொண்டை வரைக்கும் கசந்து குமட்டியது. பழையதைத் திறந்து நக்கினாள்.

ஆரஞ்சு மிட்டாய்.

"அக்கா!"

போட்ட சத்தத்தில் பெரியவள் மடியில் காகிதத்தோடு ஓடி வந்தாள். "என்னடி? புள்ளைக்கு என்ன?"

"இதுல என்ன கலந்தீங்க?"

பெரியவளின் முகத்தில் வந்தது சிரிப்பு. பிள்ளைக்குத் திருட்டுத்தனமாகத் தின்பண்டம் கொடுத்து மாட்டிக்கொண்டவளின் சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டியா? பாகுதான்டி. இளம்பாகா எடுத்து, ஆறவெச்சு, ஆரஞ்சு எசன்ஸ் ஒரு சொட்டு. குறையக் குறைய ஊத்தி வெப்பேன். நிறங்கூட மாறலை பாரு. கை எந்தக் கை! முன்னாடி பாதியைத் துப்பிடுவான். இப்ப ஒரு சொட்டு வீணாகறதில்லை."

"கொன்னுட்டீங்களேக்கா! எம்புள்ளையைக் கொன்னுட்டீங்களே!"

"என்னடி வாயில வந்ததைப் பேசறே? வயித்து மருந்துல கொஞ்சம் பாகு கலந்தாக் கொலையா? நான் அவனைக் கொல்றவளா?"

அடுப்படியிலிருந்து பாகுக்காரன் துடுப்போடு வந்தான். "ஏய், மெதுவாப் பேசு. வாசல்ல சரக்கெடுக்க மொத்தக் கடைக்காரர் வந்து நிக்கறார்."

கல்யாணமான நாளிலிருந்து புருஷனை ஒரு தடவைகூட 'நீ' என்று பேசாத வாய் அது. அன்றைக்குப் பேசியது.

"நீ வா. நீயே வந்து சொல்லு. வயித்து மருந்துன்னு நீதானே சொல்லச் சொன்னே? உங்க அண்ணி மூஞ்சியைப் பார்த்து இப்பச் சொல்லு, இது என்ன மருந்துன்னு."

"கத்தாதே. கதவைச் சாத்து."

"சாத்த மாட்டேன். சாத்திச் சாத்தித்தான் புள்ள இந்தக் கதிக்கு வந்திருக்கான். ஆஸ்பத்திரியில நாலு பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னு சொன்னாங்க. சரியாத்தானே சொல்லியிருக்காங்க? தாளைச் சுரண்டினது நீ, பொய்யைச் சுமந்தது நான். உன் அடுப்பு அணையக்கூடாதுன்னு எம்புள்ள அணையணுமா?"

பெரியவள் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகத்தைப் பார்த்தாள். "யாராவது எனக்குப் புரியற மாதிரிச் சொல்லித் தொலைங்களேன்!"

சின்னவளின் குரல் தானாக இறங்கியது. "எங்க ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்குக்கா. புள்ளைக்கும் இருக்கு. அதுக்குத்தான் இந்த மருந்து. அளவு குறைஞ்சா இவன் பிழைக்க மாட்டான்."

பெரியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மடியிலிருந்த காகிதமெல்லாம் கொட்டியது. தூளியில் பொடிசு சிணுங்கினான். சின்னவள் பெரியவளின் கண்ணைப் பார்க்கத் துணியாமல் காலைப் பார்த்தாள். அந்தக் கால் விரல், பழக்கதோஷத்தில், நகர்ந்து போய்த் தூளியைத் தொட்டு ஆட்ட ஆரம்பித்தது.

"எப்பத் தெரியும்?" என்றாள் பெரியவள்.

"பொறந்தன்னிக்கே."

"அன்னிக்கிருந்து நான் யாருடி இந்த வீட்டுக்கு? வேலைக்காரியா? அவன் பீத்துணி அலசினது யாரு? காய்ச்சல்ல கிடந்தப்ப விடிய விடியத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது யாரு? எனக்குச் சொல்ல வாய் வரலை உங்களுக்கு."

"பயந்துட்டோம்க்கா. நீங்க தூக்க மாட்டீங்களோன்னு."

"தூக்க மாட்டேனா?" அவள் எழுந்த வேகத்தில் சின்னவள் ஓரடி பின்னால் போனாள். "இதை யாரு சொன்னது? இவனா? ஏன்டா, உனக்கு மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்தவ நான். என்னை அவ்வளவுதான் தெரிஞ்சு வெச்சிருக்கியா? சொல்லியிருந்தா, கசந்தாக் கசக்கட்டும்டா ராசான்னு மடியில போட்டு ஊத்தியிருப்பேனே! சொல்லாம விட்டு, என் கையாலேயே, இந்தக் கையாலேயே ஊத்த வெச்சிட்டீங்களேடா பாவிகளா! அவன் ஒவ்வொரு தடவை சப்புக் கொட்டினப்பவும் நான் சந்தோஷப்பட்டேன்டா!"

பாகுக்காரன் அழ ஆரம்பித்தான். "அண்ணி, தொழில் போயிடுமேன்னுதான்..."

"அழாதே. எனக்குப் பத்திக்கிட்டு வருது. அடுப்பு அணைஞ்சிடும்னுதானே பயந்தே?"

விடுவிடுவென்று போனாள். தொட்டியடியில் இருந்த வாளியைத் தூக்கினாள். எரிகிற அடுப்பில் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள். புகையும் ஆவியும் பொங்கிக் கூரை மறைந்தது. கொப்பரையில் பாதி வெந்த பாகு பொருமி அடங்கியது.

"இந்தா, அணைச்சிட்டேன். என்ன கெட்டுப்போச்சு? வானம் இடிஞ்சு விழுந்துதா?"

வாசலிலிருந்து மொத்தக் கடைக்காரர் இருமிக்கொண்டே, "என்னப்பா, உள்ள தீயா?" என்று கூப்பிட்டார்.

"ஆமா, தீதான்," என்று பெரியவள் சத்தம் போட்டுச் சொன்னாள். "சரக்கு இல்லை. நாளைக்கழிச்சு வாங்க."

அந்த வேளை மருந்தைப் புதுக் குப்பியிலிருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மூன்று பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பழைய குப்பியை முகர்ந்து பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"நான்தாம்மா கலந்தேன்," என்றாள் பெரியவள். "இவளைப் பொய்க்காரின்னீங்களாமே. பொய் சொன்னா. ஆனா குடுத்தேன்னு சொன்னது பொய்யில்லை. என்கிட்டதான் பொய் சொன்னா."

டாக்டரம்மா பாகுக்காரனைப் பார்த்தாள். "வேற யாரும் குடுக்கறதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்குத்தானே கேட்டேன்?" அவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். "நேத்து நான் பேசினது அதிகம். வீட்டுல எப்படிக் குடுக்கறீங்கன்னு ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கணும். அதுக்குள்ள கோபம் வந்துடுச்சு."

"ஆளாளுக்குத் தப்பை ஒத்துக்கறதை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றாள் பெரியவள். "புள்ள பிழைப்பானா? அதைச் சொல்லுங்க."

"வாக்குக் குடுக்க முடியாதும்மா. அரைகுறை மருந்துல கிருமி பழகியிருக்கலாம், பழகாமலும் இருக்கலாம். இனிமே சரியான அளவுல குடுத்துட்டு மறுபடி ரத்தம் பார்ப்போம். இறங்கினா இதே மருந்து. இறங்கலைன்னா வேற மருந்து தேடணும். குழந்தைங்களுக்கு அது அவ்வளவு சுலபத்துல கிடைக்காது. கன்னத்துப் பக்கமா, மெதுவா விடுங்க. விட்டப்புறம் பால் குடுங்க. குப்பிக்குள்ள ஒண்ணும் போகக்கூடாது. தண்ணிகூட."

"எங்க, எனக்குக் காட்டுங்க," என்று பெரியவள் சிரிஞ்சைக் கையில் வாங்கிக்கொண்டாள். சின்னவள் ஏற்கெனவே கற்றுக்கொண்டதையெல்லாம் அவள் முதலிலிருந்து கேட்டாள். இடையிடையே மச்சினனைத் திரும்பி முறைத்தாள்.

அதற்கடுத்த நாள் அடுப்பு மறுபடி எரிந்தது. மழை விட்டபாடில்லை. மொத்தக் கடைக்காரர் சொன்னபடி வந்து, வாசல் பலகையில் குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பாகுக்காரன் கட்டியை மடக்கி "பிடி" என்றான். சின்னவள் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். மருந்து வேளை வந்தது.

பெரியவள் பொடிசை மடியில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் வேண்டுமென்று வாசலுக்கே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, உள்ள போய்க் குடுங்களேன்," என்றான் பாகுக்காரன் மெல்ல.

"உள்ள போய்க் குடுத்த லட்சணம் போதும்."

சிரிஞ்சைக் கண்டதும் பொடிசு பொக்கை வாயை ஆவென்று திறந்தான். கால் இரண்டையும் உதைத்துச் சிரித்தான். அவன் மறக்கவில்லை. மூன்று வேளை கசந்ததை மன்னித்துவிட்டு, இந்தத் தடவை மிட்டாய்தான் என்று நம்பி வாயைத் திறக்கிறான். பெரியவள் சிரிஞ்சைக் கீழே இறக்கினாள். "அடியே, இங்க வாடி," என்று கூப்பிட்டாள். "என்னால தனியா முடியாது."

சின்னவள் கொக்கியைப் பார்த்தாள். பாதி வெளுத்த பாகு தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் கன்னத்தோரமாக, மெதுவாக, கடைசி வரைக்கும் விட்டாள்.

பொடிசு ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஊர் கூடுகிற மாதிரி வீறிட்டான்.

"அடடா, என்னம்மா அப்படி அலறுது?" என்றார் மொத்தக் கடைக்காரர். "கொஞ்சம் பாகு கலந்து குடுக்கக்கூடாதா? மிட்டாய் வீட்டுல சர்க்கரைக்கா பஞ்சம்?"

பெரியவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்? ஆனால் அன்றைக்கு அவர்தான் அகப்பட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்? மிட்டாய்தானே? எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. எம்புள்ளைக்கு என்ன கலக்கணும்னு யாரும் எனக்குச் சொல்ல வேணாம். இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லலை, இனிமேலும் வேணாம்!"

அவர் குடையை எடுத்துக்கொண்டு சரக்குப் பக்கம் நகர்ந்துவிட்டார். உள்ளே கொக்கியில் தொங்கின பாகு கல்லாகி, சடக்கென்று ஒடிந்து விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிரிஞ்ச் நுனியில் மிஞ்சியிருந்த ஒரு சொட்டு தரையில் விழுந்தது. சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசை அதன் பக்கம் திரும்பியது. முதல் எறும்பு கிட்டே வந்து நின்றது. மீசையை ஆட்டிப் பார்த்தது. பிறகு ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது. பின்னால் வந்ததெல்லாம் அதே மாதிரி சுற்றிக்கொண்டு போயின.

இரண்டு பெண்களும் தலை முட்டக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போகுதுடி," என்றாள் பெரியவள். "ஒண்ணுகூடத் தொடலை."

பொடிசு முகம் சிவக்க, மூச்சுப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான். சின்னவள் முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள்.

"கத்துடா," என்றாள். "நல்லாக் கத்து."